தோட்டத்து ஊரில் பூங்கா: ஆட்கள் வந்து நடக்க என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட், பத்தாங் பெர்ஜுந்தை, கோல கெட்டில் என்று ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவில் வளர்ந்த ஊர்கள் நம் மலேசியாவில் நிறைய. அப்படி ஓர் ஊரில் பழைய திடலைப் பூங்காவாக மாற்றலாம் என்ற பேச்சு கிளம்பியதும், கோயில் வாசலிலும் ஒட்டுக்கடையிலும் வந்த கேள்விகளே வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை.

தோட்டத்தில் இருந்த காலத்தில் பூங்கா ஏதும் இல்லையே, இப்போது மட்டும் எதற்கு?

பூங்கா இல்லைதான், ஆனால் திடல் இருந்தது. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, எதிரே காற்பந்துத் திடல், அதை ஒட்டிக் கோயில், பக்கத்தில் தமிழ்ப்பள்ளி, கொஞ்சம் தள்ளிக் கடை. எல்லாமே நடந்து போகிற தூரம். அதற்கு மேல் வேலையே உடம்பை வாங்கிவிடும். பால்மரம் சீவுகிறவர் விடியும் முன்னே கிளம்பி நானூறு, ஐநூறு மரம் சீவி, பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். அவரிடம் போய் “தினமும் அரை மணி நேரம் நடங்கள்” என்று யார் சொல்வது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போன பிறகு நம் சனங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். தொழிற்சாலை பஸ் வீட்டு முனையில் ஏற்றிக்கொண்டு போய் ஆலை வாசலில் இறக்குகிறது. காவல் வேலைக்குப் போனால் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில். சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது, மூன்று வேளையும் சோறு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஐவருக்கு ஒருவர் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர், நால்வருக்கு ஒருவர் போதிய உடலசைவு இல்லாதவர், ஏறக்குறைய பாதிப் பேர் அளவுக்கு மீறிய எடை என்று தெரிந்தது. இனிப்புநீர் இந்தியர்களிடையேதான் அதிகம். வேலையோடு சேர்ந்து கிடைத்த நடையை இனி நாமாகத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அதற்கு ஓர் இடம் வேண்டும்.

எவ்வளவு நடந்தால் போதும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில். பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம். நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற கணக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவர்கள் வகுத்த வரம்பு இல்லை. அதற்குக் குறைவாக நடந்தாலும் நல்ல பலன் உண்டு.

இருக்கிற பணத்தில் முதலில் எதைச் செய்வது?

திடலைச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற ஒரு நடைபாதை. நுழைவாயில் வளைவு வேண்டாம், சிமெண்டுச் சிலை வேண்டாம், ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நட்டுவைக்கவும் வேண்டாம். படம் எடுத்துக்கொள்ள ஒரு முறை வருவார்கள். மறுநாள் வர அதில் காரணம் இல்லை.

அமெரிக்காவில் ரேண்ட் ஆய்வு நிறுவனத்தார் பல நகரங்களின் பூங்காக்களை நேரில் போய் ஆள் எண்ணிப் பார்த்தார்கள். 2017-இல் வந்த முடிவு: சுற்று நடைபாதை உள்ள பூங்காக்களில் இல்லாதவற்றைவிட ஏறக்குறைய 80 விழுக்காடு அதிகம் பேர் இருந்தார்கள், முதியவர்கள் இரண்டு மடங்கு. அந்தப் பூங்காக்களில் வேறு வசதிகளும் இருந்திருக்கலாம் என்பதால் எல்லாப் பெருமையையும் பாதைக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் காரணம் புரிகிற ஒன்றுதான். வளையத்தில் நடக்கிறவர் எந்த நேரத்திலும் நிறுத்திக்கொள்ளலாம், வீட்டிலிருந்து வெகுதூரம் போய்விட்டோமே என்ற பயம் இல்லை, பேரன் விளையாடுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. எத்தனை சுற்று என்று எண்ணவும் முடிகிறது.

நம் திடல் கணக்கையே பாருங்கள். முழு அளவுக் காற்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோட்டுக்கு வெளியே ஐந்து மீட்டர் விட்டுப் பாதை போட்டால் ஒரு சுற்று ஏறக்குறைய 390 மீட்டர். ஆறேழு சுற்று வந்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். அகலம் இரண்டு மீட்டராவது இருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் தனியாக நடப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே நடக்க முடியவில்லை என்றால் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்கள்.

என்ன மரம் நடலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் ஊர் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வெயிலில் நிழல் இல்லாத பாதை காலை எட்டரைக்கு மேல் யாருக்கும் பயன்படாது, மாலை ஆறு வரைக்கும் கொதிக்கும்.

அழகுக்கு வைக்கும் பனை வகைகளைத் தயவு செய்து பாதையோரம் நடாதீர்கள். உயரமாகப் போய்த் தலையில் ஒரு கொத்து ஓலை. அதன் நிழல் ஒரு பாயளவுகூட வராது. தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பார்த்தவர்களுக்கு நல்ல நிழல் எப்படி இருக்கும் என்று தெரியும். கைவிட்ட ஈயச் சுரங்கக் குட்டையாக இருந்த இடம் அது, 1880-களில் பூங்காவானது. ஏரிக்கரைத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. அவற்றின் கீழ் நடுப்பகலிலும் ஆட்கள் நடக்கிறார்கள்.

தூங்குமூஞ்சிக்கு இடம் நிறைய வேண்டும், வேர் பாதையைத் தூக்கிவிடும். அதைத் திடலின் மூலைகளில், பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள். பாதை ஓரத்துக்கு இயல்வாகை, புன்னை, வேம்பு சரியாக வரும்.

எங்கே நடுவது என்பதும் முக்கியம். நம் ஊரில் கூட்டம் வருவது மாலை ஐந்தரைக்கு மேல், அப்போது வெயில் மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கிறது. ஆகவே பாதையின் மேற்குப் பக்கம் நட்ட மரம்தான் நடக்கிறவர் மேல் நிழல் போடும். கிழக்குப் பக்கம் நட்டால் நிழல் வெளியே, புல் மேல் விழும். கன்று வாங்கும் காசு ஒன்றுதான், குழி தோண்டும் உழைப்பும் ஒன்றுதான். மரம் வளர எட்டுப் பத்து வருடம் ஆகும், அதுவரைக்கும் பாதையில் இரண்டு மூன்று இடத்தில் கூரை போட்ட இருக்கை வையுங்கள். திடீர் மழைக்கும் அது உதவும்.

மாலையில் திடலில் பையன்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளை எப்படி வரவைப்பது?

வரவைப்பது என்று தொடங்குவதைவிட, ஏன் வருவதில்லை என்று கேட்பது நல்லது. மாலை ஆறு மணிக்குத் திடல் எப்படி இருக்கிறது? நடுவில் பெரிய பையன்கள் காற்பந்து. நுழைகிற ஒரே வழியில் வரிசையாக மோட்டார், அவற்றின் மேல் உட்கார்ந்து பேசுகிறவர்கள். பதின்மூன்று வயதுப் பெண் உள்ளே போக வேண்டுமென்றால் அந்த வரிசையைத் தாண்டிப் போக வேண்டும், உள்ளே போனாலும் நிற்க ஓர் இடமில்லை. பையன்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, இடத்தின் அமைப்பே அப்படி.

வியன்னா நகரம் இதை 1990-களில் ஆராய்ந்தது. பத்து வயது வரை பூங்காவில் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் சமமாக இருந்தார்கள், அதற்கு மேல் பெண்பிள்ளைகள் மளமளவென்று குறைந்தார்கள். ஒரே பெரிய வெட்டவெளிக்குப் போட்டி வந்தால் விட்டுக்கொடுத்துப் போகிறவர்கள் அவர்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். வெட்டவெளியைப் பிரித்தார்கள், நடைபாதை சேர்த்தார்கள், கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

நமக்குப் பூப்பந்து சொல்லித்தரத் தேவையில்லை, தாமானுக்குத் தாமான் சடக்கிலேயே (சாலையிலேயே) வலை கட்டி ஆடுகிறோம். திடலின் ஓரத்தில் காற்று குறைவான இடமாகப் பார்த்து இரண்டு பூப்பந்துக் களம். வழி ஒன்று மட்டும் இருக்கக் கூடாது, குறைந்தது மூன்று, அதில் ஒன்று வீடுகள் பக்கமாக. மோட்டார் நிறுத்துமிடம் வாசலுக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில். அம்மாக்கள் உட்காரும் இருக்கை, பிள்ளைகள் விளையாடும் இடத்தைப் பார்த்தபடி. வேறு பெரிய செலவு ஏதுமில்லை. திட்டம் போடுகிற கூட்டத்துக்குப் பெண்பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேளுங்கள், தலைவர்களின் பேச்சு முடிந்த பிறகு கடைசியில் ஒரு வார்த்தை என்று இல்லாமல், முதலிலேயே.

வயதானவர்களுக்கு?

ரேண்ட் எண்ணிப் பார்த்த அமெரிக்கப் பூங்காக்களில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான் இருந்தார்கள், மக்கள்தொகையிலோ ஐந்தில் ஒரு பங்கு. நம் ஊரில் விடியற்காலையில் பாருங்கள், சீனத் தாத்தா பாட்டிகள் தாய்ச்சி பயிற்சிக்கு வந்துவிடுகிறார்கள். நம் அப்பாயிகளும் தாத்தாக்களும் வாசல் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

அவர்களுக்குத் தேவை சின்னச் சின்ன விஷயங்கள். ஐம்பது அறுபது மீட்டருக்கு ஓர் இருக்கை, முதுகு சாய்க்கவும் கை ஊன்றி எழவும் வசதியோடு. கை இல்லாத சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்காரர் எழ முடியாது, அதனால் உட்காரவே மாட்டார். பாதையில் படிக்கட்டு வேண்டாம், சாய்தளம் போதும், பன்னிரண்டு அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாமல். பளபளக்கும் ஓடு பதித்தால் மழை நாளில் வழுக்கும்.

அப்புறம் கழிவறை. இனிப்புநீர்க்காரர்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர்கள், கழிவறை இல்லாத இடத்துக்கு அவர்கள் வரவே யோசிப்பார்கள். கட்டிக் காப்பாற்ற முடியாது என்றால், திடல் பக்கத்துக் கோயிலோடு பேசி அவர்களின் கழிவறையைக் காலையும் மாலையும் திறந்துவைக்கச் சொல்லலாம்.

கூழாங்கல் பதித்த ரிஃப்லெக்ஸாலஜி பாதை போடலாமா? எல்லாப் பூங்காவிலும் இருக்கிறதே.

வேண்டாம் என்பது என் கருத்து. அதில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். இனிப்புநீர் நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும், கல் குத்தியதும் கிழித்ததும் தெரியாது. அந்தச் சின்னக் காயம் ஆறாமல் புண்ணாகி, விரலையும் காலையும் எடுக்க வேண்டி வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று அரசாங்க கிளினிக்கில் சொல்லி அனுப்புகிறார்கள், பூங்காவில் நாம் கழற்றச் சொல்வதா? அந்தக் காசில் நாலு இருக்கை வாங்கலாம்.

உடற்பயிற்சிக் கருவிகள்?

வைக்கலாம், நிழலில், நடைபாதையை ஒட்டி, பிள்ளைகள் விளையாடுமிடத்துக்குப் பக்கத்தில் வைத்தால். தூரத்து மூலையில் வெயிலில் வைத்தால் ஆறு மாதத்தில் துருதான். பாதையும் நிழலும் முடிந்த பிறகு இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கும் திடலுக்கும் நடுவில் பெரிய சடக்கு. லோரி வருகிறது. எப்படிப் போவது?

பூங்காவின் வேலை பூங்காவுக்கு வெளியே தொடங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொல்லும் அளவு, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், அரை ஹெக்டேருக்குக் குறையாத ஒரு பசுமை இடம். சிங்கப்பூர் 2030-க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா என்று இலக்கு வைத்திருக்கிறது. வரைபடத்தில் 300 மீட்டராக இருப்பது நடந்து போனால் ஒரு கிலோமீட்டராகிவிடுவதுதான் நம் ஊர்ச் சிக்கல். தாமானுக்கும் திடலுக்கும் நடுவில் திறந்த கால்வாய், கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேலி, பாலம் எங்கேயோ.

கால்வாய் மேல் ஒரு சின்ன நடைப்பாலம் போட்டால் ஒரு தாமானே பூங்காவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பெரிய சடக்கைக் கடக்க வேண்டியிருந்தால் மேம்பாலத்தைவிடத் தரைமட்டத்தில் விளக்கோடு கூடிய கடவை நல்லது. முழங்கால் வலிக்காரர் மேம்பாலம் ஏறுவதில்லை. இந்த இரண்டும் இல்லாமல் உள்ளே எவ்வளவு செலவு செய்தாலும் காரில் வருகிற பத்துக் குடும்பத்துக்குத்தான் பயன்.

மோட்டார் உள்ளே பறக்கிறதே?

பெரும்பாலும் குறுக்கு வழிக்காகத்தான் நுழைகிறார்கள், அந்தக் குறுக்கு வழியைப் பார்த்துப் பக்கத்திலேயே வேறு வழி கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வாசலில் இரும்புக் கம்பியை வளைத்து வளைத்து நெருக்கமாக வைப்பது வழக்கம். அது மோட்டாரைத் தடுக்கும், சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்துத் தடுக்கும். தடுப்பு வைக்கும் முன்னே ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

இருட்டினால் பயமாக இருக்கிறது.

ஏழரைக்கெல்லாம் இருட்டிவிடும், வேலை முடிந்து வருகிறவர்களுக்குக் கிடைப்பது அந்த நேரம்தான். நம் பூங்காக்களில் விளக்கு இல்லாமல் இல்லை, உயரமான கம்பத்தில் மரக்கிளைக்கு மேலே இருக்கிறது. வெளிச்சம் இலை மேல் விழுகிறது, கீழே இருட்டு. பாதைக்குத் தனியாக, கிளைக்குக் கீழே, தாழ்வான விளக்கு வேண்டும். எதிரே வருகிறவர் முகம் பத்துப் பதினைந்து மீட்டரிலேயே தெரிந்தால் பயம் போய்விடும். செடிகள் இடுப்புக்கு மேல் வளரக் கூடாது, மரக்கிளைகள் தலைக்கு மேலே இருக்க வேண்டும், நடுவில் பார்வைக்குத் தடை இருக்கக் கூடாது. 2004-இல் தொடங்கிய நம் நாட்டின் பாதுகாப்பான நகர் திட்டமும் இடத்தின் அமைப்பாலேயே குற்றத்தைக் குறைப்பதைத்தான் வலியுறுத்துகிறது. வாசல் பக்கம் ஓர் ஒட்டுக்கடைக்கு அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. தே தாரிக் குடிக்க உட்கார்ந்திருக்கும் நாலு பேரின் கண் போதும்.

கொசு, டிங்கி?

ஏடிஸ் கொசு சுறுசுறுப்பாகக் கடிப்பது காலையிலும் மாலையிலும், நாம் நடக்கிற அதே நேரத்தில். பழைய டயருக்குச் சாயம் பூசிப் பூந்தொட்டியாகவும் விளையாட்டுப் பொருளாகவும் நட்டுவைக்கும் பழக்கம் நம் தாமான்களில் நிறைய. நிமிர்ந்து நிற்கும் டயரின் உள்வளைவில் எப்போதும் ஒரு கை தண்ணீர் நிற்கும், அது போதும் அதற்கு முட்டையிட. அடியில் துளை போடுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். வெட்டிய மூங்கில் கணு, சறுக்குமரத்தின் அடிப்பள்ளம், கவிழாத குப்பைத்தொட்டி மூடி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எல்லாம் செய்தும் ஆட்கள் வரவில்லை என்றால்?

யாராவது ஒருவர் நடத்த வேண்டும். கொலம்பியாவின் பொகோட்டாவில் பூங்காக்களில் இலவச நடன உடற்பயிற்சி வகுப்புகள் 1990-களிலிருந்து நடக்கின்றன, வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரம் 2002-இல் பயிற்றுநர்களைச் சம்பளத்துக்கு வைத்துப் பொது இடங்களில் வகுப்பு தொடங்கியது. நம் நாட்டில் 2015 முதல் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை தேசிய விளையாட்டு தினம். அன்றைக்கு டீசட்டை கிடைக்கிறது, கூட்டம் வருகிறது, மறுவாரம் திடல் காலி. வருடத்தில் ஒரு பெரிய நாளைவிட ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழரைக்கு ஒரு ஒலிபெருக்கி, ஒரு பயிற்றுநர், நாற்பது நிமிட செனாம்ரோபிக் (இசைக்கேற்ற உடற்பயிற்சி) பல மடங்கு மேல். ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கத்தார் அமைப்பும் கோயில் மகளிர் பகுதியும் சேர்ந்தால் முடியும். நாள், நேரத்தை ஒரு பலகையில் எழுதி வாசலில் வையுங்கள். இத்தனை எளிய விஷயமே வருகையைக் கூட்டும் என்று ரேண்ட் ஆய்வுகள் காட்டுகின்றன.

யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் நிலம் யாருடையது என்று மாவட்ட நில அலுவலகத்தில் பாருங்கள். பழைய தோட்டத்துத் திடல் இன்னும் கம்பெனியின் பெயரிலேயே இருக்கலாம். நாம் பாதை போட்டு மரம் நட்ட பிறகு அது விற்கப்பட்டால் கேட்க வழியில்லை. அரசாங்க நிலமானால், தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின் கீழ் பொதுத் தேவைக்கென்று அரசிதழில் ஒதுக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். புது வீடமைப்பு வந்தால், மொத்தப் பரப்பில் 10 விழுக்காடு திறந்த வெளி என்பது நாட்டின் பொதுவான திட்ட அளவு. அந்தப் பத்து விழுக்காடு எந்த மூலையில் விழுகிறது என்று வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். மின்கம்பிக்குக் கீழேயும் கால்வாய் ஓரத்திலும் ஒதுக்கப்பட்ட நீளத் துண்டில் யாரும் பூப்பந்து ஆட முடியாது. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி வட்டாரத் திட்ட வரைவை ஊராட்சி மன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்தும் ஆட்சேபமும் கேட்க வேண்டும். அந்தச் சமயத்தில் எழுத்தில் கொடுத்தது பதிவில் நிற்கும். கவுன்சிலரிடம் வாயால் சொன்னது அடுத்த தேர்தல்வரை கூட நிற்காது.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ண வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது, அதை இடைநிலைப்பள்ளி மாணவர்களே செய்யலாம். திடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு பகுதியின் முன் நின்று இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை பார்வையை ஓட்டி, ஆண் எத்தனை, பெண் எத்தனை, பிள்ளை, இளைஞர், பெரியவர், முதியவர் எத்தனை, அதில் உட்கார்ந்திருப்பவர் யார், நடப்பவர் யார், ஓடியாடுபவர் யார் என்று கோடு போடுங்கள். பெயர் எழுத வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். காலை, நண்பகல், பிற்பகல், மாலை என்று நாளுக்கு நான்கு தடவை, வார நாளும் வார இறுதியும் கலந்து சில நாள். வேலை தொடங்குவதற்கு முன் ஒரு முறை, முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு முறை. மழை பெய்த நாளையும் புகைமூட்டம் இருந்த நாளையும் தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள், இல்லையென்றால் இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட முடியாது. நகராண்மைக் கழகத்திடம் அடுத்த கட்டத்துக்கு விளக்கோ பாலமோ கேட்கப் போகும்போது அந்தத் தாள்களின் நகலை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.